பெண்ணுக்கு வீடுபேறு உண்டா? பெங்களூர்த் தமிழ்ப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், ஜெயநகர், மல்லேசுவரம், ஒயிட்ஃபீல்டு என்று பெங்களூரின் பல பகுதிகளிலும் கீதை வாசிக்கவும், திருப்பாவை சேவிக்கவும், சகஸ்ரநாமம் பாராயணம் செய்யவும் தமிழ்ப் பெண்கள் வாரந்தோறும் கூடுகிறார்கள். அத்தகைய கூட்டங்களில் பாடம் சொல்லிவரும் எனக்கு, பாடம் முடிந்து எல்லோரும் கிளம்பும் வேளையில் தணிந்த குரலில் வந்து சேரும் கேள்விகள் இவை. தணிந்த குரலில் கேட்கத் தேவையில்லாத கேள்விகள் என்பதால் பதில்களோடு எழுதி வைக்கிறேன்.

பெண்ணுக்கு முக்தி உண்டு என்று சாத்திரம் சொல்கிறதா?

சொல்கிறது. சுவேதாசுவதர உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயம் உயிரைப் பற்றிப் பேசும்போது, அது பெண்ணும் அன்று, ஆணும் அன்று, அலியும் அன்று, எந்த உடலை எடுக்கிறதோ அந்த உடலோடு சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்கிறது. திருவெம்பாவையின் “பெண்ணாகி ஆணாய் அலியாய்” என்ற அடியையும், நம்மாழ்வாரின் “ஆணல்லன் பெண்ணல்லன்” என்ற பாசுரத்தையும் பலர் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். அவை இறைவனைப் பற்றியவை. உபநிடத வரியோ நம்மைப் பற்றியது என்பதால் இந்தக் கேள்விக்கு நேரான பதில் அதுவே.

சமணத்தில் இது வெளிப்படையான வழக்காகவே நடந்தது. பெண் உடலோடு முக்தி இல்லை, ஆணாகப் பிறந்தே அடைய வேண்டும் என்று திகம்பரர் வாதிட்டனர். உண்டு என்று சுவேதாம்பரர் மறுத்தனர். வேதாந்த மரபில் வழக்கு வேறு இடத்தில் நடந்தது. பெண் முக்தி அடைய முடியுமா என்பதை விட, அதற்கான நூலை அவள் படிக்கலாமா என்பதே அங்கே வாதமானது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் நம் வீட்டுப் பெண்களில் பாதிப்பேர் தமக்கு மோட்சமே இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் தடை எங்கிருந்து வந்தது?

அதிகாரம், அதாவது ஒரு நூலை ஓதுவதற்கான தகுதி, என்ற கருத்திலிருந்து வந்தது. வேதம் ஓத உபநயனம் வேண்டும். மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் பெண்ணுக்குத் திருமணமே உபநயனம், கணவனுக்குப் பணிவிடையே குருகுலவாசம், அடுப்படியே அக்கினி காரியம் என்று எழுதி அந்தக் கதவை மூடியது. அது எப்போதும் மூடியே இருந்ததில்லை. பிற்கால நிபந்த நூல்கள் (தர்ம சாத்திரத் தொகுப்புகள்) எடுத்துக்காட்டும், ஸ்மிருதி ஆசிரியர் ஹாரீதரின் வசனம், பெண்களில் வேதம் ஓதும் பிரம்மவாதினி, மணம் முடிக்கும் சத்யோவதூ என்று இரு வகையினரைச் சொல்லி, முதல் வகையினருக்கு உபநயனத்தையும் வேத அத்யயனத்தையும் விதிக்கிறது. ரிக் வேதத்தின் சூக்தங்கள் சிலவற்றுக்குக் கோஷா, அபாலா, விசுவவாரா, வாக் ஆகிய பெண்களே ரிஷிகளாகக் குறிக்கப்படுகிறார்கள். “நானே ருத்திரர்களோடு உலவுகிறேன்” என்று தொடங்கும் பத்தாம் மண்டலத்தின் தேவி சூக்தம் வாக் கண்டது.

பிறகு வந்த சுருக்கம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஓர் உதாரணம் போதும். பிருகதாரண்யக உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில், பண்டிதையான மகள் வேண்டும் என்று விரும்பும் தம்பதியர் என்ன சமைத்து உண்ண வேண்டும் என்ற விதி வருகிறது: எள் சேர்த்த சோற்றை நெய்யோடு உண்ண வேண்டும். மகளுக்கு வேதத்தில் அதிகாரம் இல்லாததால் அந்தப் பாண்டித்தியம் வீட்டு நிர்வாகத்தைப் பற்றியது என்று சங்கரர் உரை எழுதினார். மூலம் அப்படிச் சொல்லவில்லை. ஆசாரியரிடம் எனக்குள்ள பக்தி குறையாமலே இதைச் சொல்கிறேன்; அவருடைய காலத்தின் வழக்கம் அந்த உரைக்குள் நுழைந்திருக்கிறது.

அதே சங்கரர், பிரம்மசூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், எந்த ஆசிரமத்திலும் சேராதவருக்குப் பிரம்ம ஞானம் கிட்டுமா என்ற கேள்விக்குக் கிட்டும் என்று பதில் சொல்லி, அதற்குச் சான்றாக உபநிடதங்களில் வரும் ஞானிகளான ரைக்குவரையும் வாசக்னவியையும் பெயர் சொல்லிக் காட்டுகிறார். வாசக்னவி என்பது கார்க்கி. ஞானம் வேதம் ஓதும் வழியாக மட்டும் வர வேண்டியதில்லை, இதிகாச புராணங்களின் வழியாக எல்லோருக்கும் வரலாம் என்பதும் அவருடைய நிலைதான்.

கார்க்கியும் மைத்ரேயியும் வெறும் பெயர்கள்தானா, அவர்கள் ஏதாவது செய்தார்களா?

மேடைப் பேச்சுகளில் இவ்விரு பெயர்களையும் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் வழக்கம் இருப்பதால் இக்கேள்வி நியாயமானது. பிருகதாரண்யகத்தைத் திறந்து படித்தால் இருவரும் உயிரோடு நிற்கிறார்கள். ஜனகரின் சபையில் யாக்ஞவல்கியரை எதிர்த்து வாதிட்ட கார்க்கி முதல் சுற்றில், நீர் எதில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கிறது, அது எதில், அது எதில் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எல்லை மீறிக் கேட்காதே, தலை விழும் என்று யாக்ஞவல்கியர் எச்சரிக்க, கார்க்கி அமர்கிறார். அமர்ந்ததோடு கதை முடிந்திருந்தால் அது பெண்ணை அடக்கிய கதையாகவே மிஞ்சியிருக்கும். மற்றொருவர் கேட்டு முடித்த பின் அவர் மீண்டும் எழுந்து, காசியிலிருந்தோ விதேகத்திலிருந்தோ வரும் வீரமகன் வில்லை நாணேற்றி இரண்டு அம்புகளைக் கையில் பிடித்து நிற்பது போல இரண்டு கேள்விகளோடு நிற்கிறேன் என்கிறார். அந்தக் கேள்விகளுக்கு விடையாகத்தான் அழிவற்ற அட்சரத்தைப் பற்றிய புகழ்பெற்ற பகுதி வருகிறது. இறுதியில் சபையைப் பார்த்து, இவரை வணங்கித் தப்பினால் அதுவே பெரிது, உங்களில் எவரும் இவரை வெல்லப் போவதில்லை என்று தீர்ப்புச் சொல்பவரும் அவர்தான்.

மைத்ரேயியின் இடம் இதைவிட ஆழமானது. யாக்ஞவல்கியர் துறவுக்குக் கிளம்பும்போது தம் இரு மனைவியருக்கும் சொத்தைப் பிரித்துக் கொடுக்க முனைகிறார். பொருள் நிறைந்த இந்தப் பூமி முழுவதும் எனக்கே கிடைத்தாலும் அதனால் நான் சாவற்றவள் ஆவேனா என்று மைத்ரேயி கேட்கிறார். ஆகமாட்டாய், வசதியுள்ளவர்களின் வாழ்வு போல உன் வாழ்வும் இருக்கும் என்கிறார் அவர். எதனால் நான் சாவற்றவள் ஆகேனோ அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன், உமக்குத் தெரிந்ததைச் சொல்லும் என்கிறார் மைத்ரேயி. அதற்கு வந்த பதிலில்தான் ஆன்மாவைக் காண வேண்டும், கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், தியானிக்க வேண்டும் என்ற வாக்கியம் இருக்கிறது. சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்று வேதாந்தம் முழுவதும் சாதனைக்கு அடிப்படையாகக் கொள்ளும் இந்த உபதேசம் ஒரு மனைவியைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

கீதை பெண்களைப் பாவப் பிறவி என்கிறதாமே?

ஒன்பதாம் அத்தியாயத்தின் 32-ஆம் சுலோகத்தைச் சொல்கிறீர்கள். “என்னைச் சரணடைந்தால் பாவயோனிகளும், பெண்களும், வைசியரும், சூத்திரரும் மேலான கதியை அடைகிறார்கள்” என்று பிரித்துப் படிப்பவர்களும் உண்டு. பெண்கள் முதலானவர்களையே பாவயோனிகள் என்று சொல்வதாக இணைத்துப் படிப்பவர்களும் உண்டு. சங்கரர், இராமானுஜர் இருவருமே இரண்டாவது வகையில்தான் உரை செய்தார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. எந்த வகையில் படித்தாலும் அந்தச் சுலோகத்தின் பயனிலை மாறுவதில்லை. மேலான கதியை அடைகிறார்கள் என்பதே அது. அடுத்த பிறவியில் என்றோ, ஆணாகப் பிறந்து என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை.

கணவனுக்குச் செய்யும் பணிவிடையே பெண்ணுக்கு முக்தி தரும் என்று மாமியார் சொல்கிறார். சரியா?

மாமியார் கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறார். மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்தில், பெண்களுக்குத் தனி யாகமோ விரதமோ உபவாசமோ இல்லை, கணவனுக்குப் பணிவிடை செய்வதால் அவள் சுவர்க்கத்தில் போற்றப்படுகிறாள் என்று வருகிறது. சுலோகம் சுவர்க்கம் என்றுதான் சொல்கிறது. சுவர்க்கம் என்பது புண்ணியம் தீர்ந்ததும் திரும்பி வர வேண்டிய இடம் என்பதைக் கீதையும் உபநிடதங்களும் தெளிவாகச் சொல்கின்றன. ஆகவே அந்தச் சுலோகத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அது முக்திக்கு வழி காட்டவில்லை.

இல்லறக் கடமையை இழிவாகப் பேசுவது என் நோக்கம் அன்று. “கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா” என்ற பழமொழியை அறியாத தமிழர் இல்லை. பார்வையாலேயே கொக்கை எரித்த தவசி பிச்சைக்கு வந்து காத்திருக்க, கணவனுக்கு உணவு பரிமாறிவிட்டு வந்த இல்லத்தரசி அவனுடைய செருக்கைக் கண்டுகொண்ட கதை அது. மகாபாரதத்தின் வனபருவத்தில் இதே கதை கௌசிகன் என்ற அந்தணனைப் பற்றி வருகிறது. அங்கே அந்தப் பெண் அவனைக் கடிந்ததோடு நில்லாமல், தர்மம் என்ன என்று அறிய மிதிலையில் இறைச்சி விற்கும் வேடனிடம் போகச் சொல்கிறாள். காட்டுத் தவத்தில் அவனுக்குக் கிட்டாத தெளிவு அவளுக்கு வீட்டு வேலையின் நடுவிலேயே கிட்டியிருந்தது. அதை அடைய வீட்டை விட்டு ஓட வேண்டியதில்லை என்பதே அக்கதை சொல்வது.

கணவனே குரு என்பவர்களுக்கு யோகவாசிட்டம் என்ற வேதாந்த நூலில் வரும் சூடாலையைச் சொல்லுங்கள். அரசி முதலில் ஞானம் அடைகிறாள். அரசன் சிகித்துவசன் அவள் பேச்சைச் சிரித்து ஒதுக்கிவிட்டு முக்தி தேடிக் காட்டுக்குப் போகிறான். அவள் நாட்டை ஆண்டுகொண்டே, கும்பன் என்ற அந்தண இளைஞனாக உருமாறிச் சென்று, அவன் கேட்க மறுத்ததை அவனுக்கே போதிக்கிறாள். மனைவியாகச் சொன்னபோது ஏறாத பேச்சு ஆண் வேடத்தில் சொன்னபோது ஏறியது என்பதை அந்த நூல் மறைக்காமல் எழுதியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

ஆணாகப் பிறந்தால்தான் முக்தி என்று பாட்டி சொல்வார். அதற்கு ஆதாரம் உண்டா?

விவேகசூடாமணியின் இரண்டாம் சுலோகம் மனிதப் பிறவி அரிது, அதிலும் ஆண் பிறவி அரிது, அதிலும் அந்தணப் பிறவி அரிது என்று ஒரு படிவரிசை சொல்கிறது. அந்த எண்ணம் மக்களிடையே பரவியதற்கு இத்தகைய வரிகள் காரணம். அந்த நூல் சங்கரர் எழுதியதுதானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

தமிழில் இதற்கு மறுமொழி அதற்கு முன்பே இருக்கிறது. காரைக்காலில் புனிதவதியாகப் பிறந்தவர், கணவன் பரமதத்தன் தம்மைத் தெய்வமாகக் கண்டு விலகி வேறு மணம் செய்துகொண்டதை அறிந்தபோது ஆண் உடலைக் கேட்கவில்லை. “இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி” கழிய வேண்டும், பேய் வடிவு வேண்டும் என்று கேட்டதாகச் சேக்கிழார் பாடுகிறார். கணவனுக்காகச் சுமந்த அழகை இறக்கிவைத்துவிட்டு, ஆணாகவும் பெண்ணாகவும் யாரும் உரிமை கொண்டாட முடியாத உருவத்தில் அவர் கயிலைக்குத் தலையால் நடந்து சென்றார். இறைவன் அவரை “அம்மையே” என்று அழைத்தான். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, இறவாத இன்ப அன்பு வேண்டும், பிறவாமை வேண்டும், மீண்டும் பிறப்பு உண்டேல் உன்னை என்றும் மறவாமை வேண்டும் என்றார். மறுபிறவி வாய்த்தால் ஆணாக வேண்டும் என்ற நிபந்தனை அவர் வாயில் வரவில்லை. அறுபத்து மூவர் வரிசை உள்ள சிவன் கோவிலுக்குப் போனால் பாருங்கள்: மற்றவர்கள் நின்றிருக்க, அம்மையார் அமர்ந்திருப்பார்.

வைணவத்தில் நிலை இன்னும் தலைகீழ். ஆழ்வார் பன்னிருவரில் ஆண்டாள் ஒருவரே பெண். ஆனால் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் பெண் நிலை எடுத்துப் பாடினார்கள். மற்றவர்கள் முயன்று ஏற்ற நிலை ஆண்டாளுக்குப் பிறப்பிலேயே அமைந்தது என்று உரையாசிரியர்கள் கொண்டாடுகிறார்கள்.

சைவ தீட்சையும் சரணாகதியும் பெண்களுக்கு உண்டா?

இரண்டும் உண்டு. சைவ ஆகமங்கள் குழந்தைகள், முதியோர், நோயாளிகள், பெண்கள் முதலியோருக்கு நிர்பீஜ தீட்சை என்ற ஒரு வகையைச் சொல்கின்றன. தீட்சைக்குப் பின் வரும் கடினமான நித்திய அனுட்டானங்கள் அதில் விதிக்கப்படுவதில்லை. முக்தி பலன் மட்டும் உண்டு. பெண்களை இயலாதவர்களின் பட்டியலில் வைத்தது நமக்கு உறுத்தலாம், எனக்கும் உறுத்துகிறது. அந்தத் தீட்சை பெற்றவர் பிறருக்குத் தீட்சை தரும் ஆசாரியர் ஆக முடியாது என்பதும் உண்மை. ஆனாலும் பலனில் குறை வைக்கவில்லை.

இராமானுஜரைப் பின்பற்றிய வைணவத்தில் சரணாகதிக்கு இடம், காலம், முறை, அதிகாரி, பலன் என்ற எந்த நியமமும் இல்லை என்று 13-ஆம் நூற்றாண்டில் பிள்ளை லோகாசாரியர் சூத்திரமாகவே எழுதிவைத்தார். அந்த மரபு பெண்களின் சொல்லுக்கு எவ்வளவு இடம் தந்தது என்பதற்குத் திருக்கோளூர்ப் பெண்பிள்ளை சாட்சி. இராமானுஜர் அவ்வூருக்கு வரும்போது ஊரை விட்டுக் கிளம்பும் ஒரு பெண்ணைக் காண்கிறார். எல்லோரும் புகும் ஊரிலிருந்து நீ ஏன் வெளியேறுகிறாய் என்று கேட்கிறார். “அழைத்து வருகிறேன் என்றேனோ அக்ரூரரைப் போலே” என்று தொடங்கி, “ஆயனை வளர்த்தேனோ யசோதையைப் போலே” என்பது போல 81 பேரைச் சொல்லி, இவர்கள் செய்த எதையும் செய்யாத நான் இங்கே இருந்தால் என்ன, போனால் என்ன என்கிறார். இராமானுஜர் அவருடைய வீட்டுக்குச் சென்று அமுது செய்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அந்த 81 வாக்கியங்களும் இன்று இரகசிய நூலாக, அதாவது மரபின் உட்பொருளைச் சொல்லும் நூலாக, பாடம் சொல்லப்படுகின்றன. ஒன்றும் செய்யாதவள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவரின் பேச்சைத்தான் பண்டிதர்கள் உரை எழுதி விளக்குகிறார்கள்.

அந்த மூன்று நாட்களில் நாமம் சொல்லலாமா? வகுப்புக்கு வரலாமா?

மிகவும் தயங்கிக் கேட்கப்படும் கேள்வி இது. சென்ற ஆண்டு ஓர் இளம்பெண் கூடத்துக்கு உள்ளே வராமல் லிஃப்ட் பக்கமாக நின்று பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். காரணம் தெரிந்ததும் உள்ளே அழைத்து உட்கார வைத்தோம். யாரும் எழுந்து போகவில்லை.

சாத்திரத்தைக் கேட்பவர்களுக்குப் பிள்ளை லோகாசாரியரையே சொல்லலாம். சரணாகதிக்கு நியமம் இல்லை என்ற சூத்திரத்துக்குச் சான்றாக அவர் உடனே எடுத்துக்காட்டுவது, திரௌபதி நீராடிவிட்டா சரணாகதி செய்தாள் என்பதைத்தான். மகாபாரதத்தின்படி திரௌபதி ஒற்றை ஆடையில், மாதவிலக்கில் இருந்தபோது சபைக்கு இழுத்து வரப்பட்டாள். அந்த நிலையில் கூப்பிட்ட கூப்பாட்டைக் கேட்டுத்தான் இறைவன் புடவையாகச் சுரந்தான் என்பது மரபு. நீராடிவிட்டு வா என்று அவன் சொல்லவில்லை.

செங்கோட்டை ஆவுடை அக்காள் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்ற இவர் சிறுவயதில் கணவனை இழந்தவர். அவருடைய அத்வைதப் பாடல்களை நெல்லைச் சீமைப் பெண்கள் ஏட்டிலும் வாய்ப்பாட்டிலும் காப்பாற்றி வந்தார்கள். தீட்டே திரண்டு உருண்டுதானே இந்தப் பெண்ணுடல் சிலைபோல் ஆயிற்று, பிறகு எந்தத் தீட்டு எங்கே ஓடிப்போயிற்று என்ற பொருளில் அவர் பராபரத்தைப் பார்த்துக் கேட்கிறார். ஆண் உடலும் அதிலிருந்தே உருவானது என்பதைச் சிவவாக்கியரும் உரக்கச் சொன்னார். கோவிலின் வழக்கம், வீட்டின் வழக்கம் என்பவை தனி. அவற்றில் உங்கள் வீட்டாரோடு நீங்களே முடிவு செய்யுங்கள். நாமத்துக்கும் தியானத்துக்கும் ஞான நூலைப் படிப்பதற்கும் எந்த நாளும் விலக்கில்லை.

பெண்கள் துறவு கொள்ளலாமா?

மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் சுலபா என்ற துறவி தனியே நாடெங்கும் சுற்றி ஜனகரின் சபைக்கு வருகிறார். முக்தி பெற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்ட அரசன், நீ யார், யாருடையவள், பெண் இப்படி வரலாமா என்றெல்லாம் கேட்கிறான். எல்லா உடலும் ஒரே பொருள்களால் ஆனது, உண்மையில் விடுபட்டவன் நீ யார், யாருடையவள் என்று கேட்பானா என்று சுலபா திருப்பிக் கேட்க, அரசனுக்குப் பதில் இல்லை. பழைய மடங்களில் பல இன்றும் பெண்களுக்குச் சந்நியாசம் தருவதில்லை. ஆனால் மரபின் உள்ளிருந்தே எழுந்த குரல்கள் உண்டு.

1917-இல் திருவண்ணாமலையில் காவ்யகண்ட கணபதி முனிவரின் மனைவி விசாலாட்சி தம் கணவர் வழியாக ரமண மகரிஷியிடம் இதைக் கேட்டார். பெண்ணுக்குத் துறவு சாத்திரத்தால் விலக்கப்பட்டதா, உடலோடு இருக்கும்போதே முக்தி அடைந்த பெண் இறந்தால் எரிப்பதா, அடக்கம் செய்வதா என்பவை கேள்விகள். ஆன்மாவில் நிலைத்த பக்குவமுள்ள பெண்ணுக்குத் துறவு விலக்கில்லை, முக்தியிலும் ஞானத்திலும் ஆண் பெண் வேற்றுமை இல்லை, ஆகவே ஞானிகளுக்குச் செய்வது போல அவள் உடலையும் அடக்கமே செய்ய வேண்டும், எரிக்கக் கூடாது என்றார் மகரிஷி. ரமண கீதையின் 13-ஆம் அத்தியாயம் இந்த உரையாடல்தான். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1922 மே 19 அன்று அவருடைய தாயார் அழகம்மாளின் இறுதி நேரத்தில், மகரிஷி பல மணி நேரம் ஒரு கையை அவர் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்தபடி அருகில் இருந்தார். தாயார் முக்தி அடைந்தார் என்று அறிவித்தார். உடலை எரிக்கவில்லை, மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தச் சமாதியின் மேல்தான் மாத்ருபூதேசுவரர் ஆலயம் நிற்கிறது, ரமணாச்ரமமும் அதைச் சுற்றியே வளர்ந்தது. கிரிவலத்துக்குப் போகும் பெங்களூர்க்காரர்கள் அந்தச் சந்நிதியில் ஒரு நிமிடம் நின்று, அது ஒரு கிராமத்துத் தாய் வீடுபேறு அடைந்ததற்கான கோவில் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிறுவன அளவில், 1954-இல் தட்சிணேசுவரத்தில் தொடங்கப்பட்ட ஸ்ரீ சாரதா மடம் குறிப்பிடத்தக்கது. ஆண் துறவிகளின் ராமகிருஷ்ண மடத்திலிருந்து நிர்வாகத்தால் விலகி, முழுவதும் சந்நியாசினிகளாலேயே நடத்தப்படுகிறது.

குழந்தைகள் பள்ளியில் அக்கமகாதேவியின் வசனங்களைப் படிக்கிறார்கள். அவர் கதையை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

முழுவதுமாகச் சொல்லுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் சிவமொக்கா பக்கத்து உடுதடியில் பிறந்து, சென்னமல்லிகார்ச்சுனன் என்ற சிவனையே கணவனாக வரித்து, மணவாழ்வையும் ஆடையையும் துறந்து, கல்யாண நகரில் சிவனடியார்கள் கூடிய அனுபவ மண்டபத்துக்கு நடந்து வந்தவர் அவர். அங்கே அல்லம பிரபு அவரைச் சோதிக்கிறார்: ஆடையை விட்டவள் கூந்தலால் ஏன் உடலை மறைக்கிறாய்? உள்ளே கனி பழுக்காமல் தோலின் நிறம் மாறாது, என் உடலில் காமனின் குறிகளைக் கண்டு உங்களுக்கு நோவு வரக்கூடாதே என்று மறைத்தேன் என்கிறார் அக்கா. மறைப்பு தமக்காக அன்று, பார்ப்பவருக்காக என்ற பதில் அது. சரணர்கள் எனப்படும் அந்த அடியார்கள் அவரை அக்கா என்றே ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அவர் ஸ்ரீசைலம் சென்று இறைவனோடு கலந்தார் என்பது வரலாறு. இஷ்டலிங்கம் என்ற சிறு சிவலிங்கத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலக் கழுத்தில் அணிவிக்கும் வழக்கம் உங்கள் லிங்காயத அண்டை வீடுகளில் இன்றும் நடக்கிறது. குழந்தைகள் அதைக் கேட்டறியட்டும். காரைக்கால் அம்மையாரையும் அக்காவையும் சேர்த்துச் சொன்னால், கன்னடமும் தமிழும் கலந்து வளரும் பிள்ளைகளுக்கு இரண்டும் தம்முடையவை என்று தோன்றும்.

வீட்டுப் பொறுப்பு விடவில்லை. கோவிலுக்கும் போக முடிவதில்லை. எனக்கு என்ன வழி?

விஷ்ணு புராணம் ஐந்தாம் அம்சத்தில் ஓர் ஆய்ச்சி வருகிறாள். கண்ணனின் பாட்டோசை கேட்டு மற்றவர்கள் ஓடினார்கள். வாசலில் பெரியவர்கள் நிற்பதைக் கண்டு அவளால் வெளியேற முடியவில்லை. கண்ணை மூடி அவனையே நினைத்தாள். நினைத்த இன்பத்தில் அவள் புண்ணியம் முழுவதும் தீர்ந்தது, அடைய முடியாத துயரத்தில் பாவம் முழுவதும் தீர்ந்தது, அங்கேயே முக்தி அடைந்தாள் என்கிறது புராணம். வைணவ ஆசாரியர்கள் அவளைச் சிந்தயந்தி என்பார்கள். பிருந்தாவனத்துக்குப் போனவர்களுக்கு முன்பே வீட்டில் நிறுத்தப்பட்டவளுக்குக் கிடைத்துவிட்டது.

இந்தக் கதையைப் பெண்களை வீட்டில் நிறுத்துவதற்குச் சாக்காகப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். மராட்டியத்தில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பகிணாபாய், துக்காராமைக் குருவாகக் கொண்டதற்காகக் கணவனிடம் அடி வாங்கியதைத் அபங்கங்கள் எனப்படும் தம் பக்திப் பாடல்களிலேயே எழுதியிருக்கிறார். அடி வாங்கிக்கொண்டு பக்தி செய்ய வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வீட்டாரிடம் தினம் அரை மணி நேரம் கேளுங்கள். காலைச் சமையலுக்கும் அலுவலக கேபுக்கும் நடுவே அதைக் கேட்பது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பூஜைப் பாத்திரம் தேய்ப்பதற்குச் செலவிடாதீர்கள்; படிக்கவும் உட்காரவும் வைத்துக்கொள்ளுங்கள்.

சபரிமலை, பெண் அர்ச்சகர் என்பவையும் இதோடு சேர்ந்தவையா?

தொடர்புண்டு, ஆனால் அவை வேறு வழக்குகள். 2018-இல் எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக் கோவிலுக்குள் செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்ததும், 2023-இல் தமிழ்நாட்டில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்ததும் வழிபாட்டு உரிமை பற்றியவை. அவற்றில் எந்தப் பக்கம் நிற்பவரும் பெண்ணின் முக்தியை மறுக்க அதிலிருந்து வாதம் எடுக்க முடியாது.

குரு கட்டாயமா? ஓங்காரம் சொல்லலாமா?

நூலைத் தெளிவாகச் சொல்லித் தர ஒருவர் வேண்டும். தனிமையில் வரச்சொல்பவர், பணம் கேட்பவர், வீட்டாரிடம் மறைக்கச் சொல்பவர் என்று தெரிந்தால் அவர் எவ்வளவு பெரிய பெயர் உடையவராக இருந்தாலும் விலகிவிடுங்கள். ஓங்காரத்தில் மரபுகள் வேறுபடுகின்றன. தீட்சை தந்தவர் சொன்னபடி செய்வது நல்லது. தீட்சை பெறாதவர்கள் “நமசிவாய” என்றோ “நாராயணா” என்றோ சொல்ல யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெங்களூரில் எங்கே தொடங்கலாம்?

அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்திலிருந்து தொடங்கலாம். பெரிய புராணத்தில் காரைக்கால் அம்மையார் புராணத்தையும், நாச்சியார் திருமொழியையும் உரையோடு எடுத்துப் படியுங்கள். உபநிடதத்தில் மைத்ரேயி பகுதியை மட்டும் முதலில் படியுங்கள், நாலைந்து பக்கம்தான். பசவனகுடியில் ராமகிருஷ்ண ஆசிரமத்தின் பின்புறம், 1911-இல் பெங்களூர் வந்த அன்னை சாரதா தேவி அமர்ந்து தியானித்த பாறையைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கிராமத்தில் பிறந்து, முறையான பள்ளிப்படிப்பு இல்லாமல், பலருக்கு மந்திர தீட்சை தந்த பெண் அவர். அங்கே சிறிது நேரம் அமைதியாக உட்காரலாம். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒருவர் வீட்டுக் கூடத்திலேயே வாரம் ஒருமுறை வாசிப்பைத் தொடங்கிவிடலாம். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கும் முறையே போதும்.